லேபிள் ஒட்டும் குறிப்புச் செயலியா? சந்தா கட்டுமுன் எக்ஸ்போர்ட்டைச் சோதியுங்கள்

குறிப்புகளை ஒன்றோடொன்று இணைப்பதோடு நிற்காமல், அந்த இணைப்புக்கே "ஆதாரம்", "மறுக்கிறது", "தொடர்ச்சி" என்று லேபிள் ஒட்டலாம் என்ற விளம்பரத்தை நம்பிச் சந்தா கட்டிய செயலி ஒன்று எங்களை ஏமாற்றிவிட்டது. "மார்க்டவுனில் (எளிய குறிகளோடு எழுதும் சாதாரண உரை வடிவம்) முழு எக்ஸ்போர்ட்" என்று சொல்லித்தான் விற்றார்கள். எக்ஸ்போர்ட் செய்தால் குறிப்பு வருகிறது, இணைப்பும் வருகிறது; லேபிள் ஒன்றுகூட இல்லை. கேட்டால், "உரை முழுதாக வந்திருக்கிறதே" என்று பதில். பணமும் திரும்பவில்லை.

மார்க்டவுனில் இணைப்பின் உறவைச் சொல்ல இடமே கிடையாது. பல குறிப்புச் செயலிகளில் இணைப்பை [[குறிப்பு|சொல்]] என்று எழுதினால், கோட்டுக்குப் பின்னால் இருப்பது திரையில் தெரியும் சொல் மட்டும்தான். அதனால் இத்தகைய செயலிகள் பெரும்பாலும் லேபிளைத் தங்கள் டேட்டாபேஸில் தனி அட்டவணையாக வைத்துக்கொள்கின்றன. எக்ஸ்போர்ட் அந்த அட்டவணையைத் தொடாவிட்டால் எல்லாம் போச்சு. எந்தக் குறிப்பு எதை மறுக்கிறது என்பதை மறுபடி படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உழைப்பெல்லாம் அந்த லேபிளில்தானே இருக்கிறது!

இலவச சோதனைக் காலத்திலேயே இரண்டு குறிப்பு போட்டு, வேறெங்கும் வராத ஒரு சொல்லை லேபிளாக வையுங்கள். எக்ஸ்போர்ட் செய்து, வந்த ஃபைல்களைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து அந்தச் சொல்லைத் தேடுங்கள். கிடைக்கவில்லையா, வாங்காதீர்கள். ஜேசன் (JSON, தரவை அப்படியே எழுதிவைக்கும் உரை வடிவம்) எக்ஸ்போர்ட் இருந்தால் அதையும் பாருங்கள். சிலதில் அங்கே மட்டும் இருக்கும்.

லேபிளைக் குறிப்பின் உரைக்குள்ளேயே எழுதிவிடுவதுதான் பாதுகாப்பு. அப்சிடியன் (Obsidian) என்ற குறிப்புச் செயலியில் டேட்டாவியூ (Dataview) என்ற கூடுதல் பிளகின் போட்டிருந்தால் [மறுக்கிறது:: [[குறிப்பு]]] என்று வாக்கியத்தின் நடுவிலேயே எழுதலாம். பிளகின் நாளை நின்றுபோனாலும் எழுத்து அப்படியே இருக்கும். ஃபைலின் தலைப்பகுதியில் எழுதுவதானால் மறுக்கிறது: "[[குறிப்பு]]" என்று மேற்கோள் குறிக்குள் போடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பகுதி எழுதப்படும் யாமல் (YAML) வடிவம் அந்தச் சதுர அடைப்பைப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் சந்தாவை உடனே நிறுத்த வேண்டாம், உள்ளே போகும் வழியே அடைபடலாம். கணினிப் பதிப்பாக இருந்தால் செயலியை முழுதாக மூடிவிட்டு, அதன் டேட்டா ஃபோல்டரை அப்படியே நகலெடுங்கள். உள்ளே எஸ்க்யூலைட் (SQLite, முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைலில் இருக்கும் வகை) ஃபைல் இருந்தால் நகலைத்தான் திறக்க வேண்டும், மூலத்தை அல்ல. பக்கத்தில் அதே பெயரோடு "-wal" என்று முடியும் ஃபைல் இருந்தால் அதையும் சேர்த்தே எடுங்கள். கடைசியாகப் போட்ட லேபிள்கள் அதில் கிடக்கலாம்.