கொட்டகலைப் பக்கத்துக் காணித் துண்டுகள்: பாதை முடிந்தது, வடிகான் முடியவில்லை

ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில், ஏ7 வீதிக்கு மேல்பக்கமாக, பழைய தேயிலை மலையொன்றைப் பத்துப் பேர்ச் துண்டுகளாகப் பிரித்து விற்கிறார்கள். கொழும்பில் இருக்கும் மகளுக்கும் மருமகனுக்கும் விளம்பரப் படம் பிடித்துவிட்டது. தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால், போய்ப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காணி உறுதிப் பத்திரம் சுத்தம். எல்லைக் கற்கள் வரைபடத்தில் உள்ளபடியே நிற்கின்றன. உள்பாதை கொங்கிரீட், மணல் லொறி சிரமமில்லாமல் ஏறும். காட்டித்தந்த பையனும் மரியாதையானவன்.

குறை வாசலிலேயே தொடங்குகிறது. உள்பாதை பிரதான வீதியில் சேருமிடம் ஒரு வளைவின் உள்மடிப்பு. அங்கே நின்றால் நுவரெலியாப் பக்கமிருந்து வரும் பஸ், கரையில் நிற்கும் சவுக்கு மரத்தைத் தாண்டிய பிறகுதான் தெரிகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் வருகிற வண்டி வினாடிக்கு 11 மீட்டர் நகரும். மூடுபனியில், அதுவும் ஈரத் தாரில், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆட்டோவைத் திருப்புகிறவன் என்ன செய்வான்? கரையை வெட்டிப் பின்தள்ளலாம். ஆனால் அப்படி வெட்டினால் மேலே உள்ள மண்ணுக்குத் தடுப்புச் சுவர் வேண்டும். வரைபடத்தில் சுவர் இல்லை.

தண்ணீர் விடயம் இதைவிடப் பெரியது. தேயிலை இருந்த காலத்தில் சரிவுக்குக் குறுக்கே கான்கள் ஓடின. இடையிடையே மண் தங்கக் குழிகள். எல்லாம் சேர்ந்து ஓடையில் இறங்கும். புல்டோசர் அவற்றை மூடிவிட்டது. இனி அங்கே கூரைகள் வரும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 4,600 லீற்றர். முப்பது வீடென்றால் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் லீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, பாதையில் விழுவதைச் சேர்க்காமல். முன்பு மண் குடித்ததில் பெரும்பங்கு இப்போது கொங்கிரீட் மேல் ஓடி வரும்.

எங்கே வரும் என்றுதான் கேட்டேன். பாதையோரக் கான் காணி எல்லையோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே பிரதான வீதியின் கானும், ஒரு சிறிய மதகும், மதகுக்கு அந்தப்பக்கம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும். "அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கான், ஐயா" என்றான் பையன். அந்தக் கானில் உங்கள் தண்ணீரை விடலாம் என்று அவர்கள் தந்த கடிதம் எங்கே? தேடித் தருவதாகச் சொன்னான்.

விளம்பரக்காரர்கள் ஆட்களைக் கூட்டிப்போவது வெயில் மாதங்களில். தென்மேற்கு மழை பிடித்த பிறகு ஜூன் மாதத்தில் போய்ப் பாருங்கள்: நான் போனபோது செம்மண் தண்ணீர் தார் வீதியைக் கடந்து லயத்து வாசலில் நின்றது. இன்னும் ஒரு வீடும் எழும்பவில்லை! பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்து லயங்களை மூடிய பிறகும், 2025 நவம்பர் மழையின் மண்சரிவுகளுக்குப் பிறகும், சரிவில் தண்ணீருக்கு வழி விடாமல் காணி விற்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இருக்கிறது என்று முதல் பக்கத்தைக் காட்டுவார்கள். நிபந்தனைகள் பின்பக்கங்களில் இருக்கும். முழுப் பிரதியைக் கேளுங்கள். எனக்குக் கிடைத்த பிரதியில், வடிகால் முடிந்த பிறகே வீட்டு வேலை தொடங்க வேண்டும் என்றிருந்தது.

"மாமா, மேல்வரிசையில் ஒன்றுக்கு முற்பணம் கட்டிவிடலாமா?" என்று மருமகன் கேட்கிறார். மேல்வரிசைத் தண்ணீரும் அந்த மதகுக்குத்தான் வரவேண்டும். கடிதத்தின் பிரதியும் மதகைப் பெரிதாக்கும் திட்டமும் கைக்கு வரட்டும், பிறகு கட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு இந்தக் காணிக்கு என் புள்ளி ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் உறுதிக்கும் உள்பாதைக்கும்.