கிராண்ட் கேன்யனா, சயானா? பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு

லாஸ் வேகஸ் வரை வந்தாயிற்று, கையில் இரண்டு நாள்தான் இருக்கிறது, ஒரு பள்ளத்தாக்கைத்தான் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்ப்பது? ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தபோது எங்கள் வீட்டில் இந்த விவாதம் நடந்தது. அரிசோனா மாநிலத்தின் கிராண்ட் கேன்யனை நானும் மனைவியும் முன்பே பார்த்திருந்தோம். அப்பாவுக்குத் தெரிந்த பெயரும் அது ஒன்றுதான். இருந்தும் யூட்டா மாநிலத்தில் உள்ள சயான் தேசியப் பூங்காவுக்குத்தான் போனோம். யார் கேட்டாலும் இப்போதும் அதையே சொல்வேன்.

தூரம், கட்டணம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். சயானின் வாசலில் உள்ள ஸ்பிரிங்டேல் ஊருக்கு லாஸ் வேகஸிலிருந்து ஏறத்தாழ 160 மைல். கிராண்ட் கேன்யனின் தென் விளிம்புக்கு 280 மைல். நுழைவுக் கட்டணம் இரண்டிலும் காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். அமெரிக்காவில் வசிக்காதவர்கள் ஆண்டு அனுமதி அட்டை வைத்திருக்காவிட்டால் 2026 ஜனவரி முதல் குறிப்பிட்ட சில தேசியப் பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு இது பெரிய தொகைதான். ஆனால் இரண்டு பூங்காக்களுமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

கிராண்ட் கேன்யனைக் குறைத்துச் சொல்ல யாராலும் முடியாது. 277 மைல் நீளம், சில இடங்களில் 18 மைல் அகலம், ஒரு மைல் ஆழம். மேதர் முனையில் முதல்முறை நிற்பவர் வாயடைத்துப் போவார். ஹோப்பி முனையில் சூரியன் மறையும்போது பாறை அடுக்குகள் ஒவ்வொன்றாக நிறம் மாறுவதைப் பார்க்க எத்தனை மைல் வேண்டுமானாலும் கார் ஓட்டலாம். ஆனால் நாலைந்து காட்சி முனைகளைத் தாண்டியதும், பார்த்ததையே வேறு கோணத்தில் பார்க்கிறோம் என்ற எண்ணம் எனக்கு வந்துவிட்டது. இவ்வளவையும் அறுத்தெடுத்த கொலராடோ ஆறு பல முனைகளிலிருந்து கண்ணில் படுவதே இல்லை. பட்டாலும் ஒரு மெல்லிய கோடுதான்.

சரி, உள்ளே இறங்கிப் பார்ப்போம் என்றால் அங்கேதான் சிக்கல். என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் விஷயம் இதுதான். மலையில் ஏறும்போது களைத்துவிட்டால் பாதியிலேயே திரும்பலாம். மிச்சம் இருப்பது இறக்கம். கிராண்ட் கேன்யனில் எல்லாம் தலைகீழ். இறங்கும்போது காலுக்கு ஒன்றும் தெரியாது. போதும் என்று உடம்பு சொல்லும் இடத்தில்தான் ஏற்றம் தொடங்குகிறது. பிரைட் ஏஞ்சல் பாதையில் முதல் ஓய்விடம் ஒன்றரை மைல் தூரம்தான். ஆனால் அதற்குள் சுமார் 1,100 அடி இறங்கியிருப்போம். இறங்க ஆகும் நேரத்தைப்போல இரு மடங்கு நேரம் ஏறுவதற்கு ஆகும் என்று பூங்காவினரே எச்சரிக்கிறார்கள். ஒரே நாளில் ஆறுவரை போய்த் திரும்ப முயல வேண்டாம் என்கிறார்கள். கோடையில் விளிம்பைவிட அடிவாரம் 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் மேலாகச் சுடும். விளிம்போ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. எழுபதைத் தாண்டியவர்களை எந்தத் தைரியத்தில் அங்கே இறக்குவது?

சயானில் பூங்காவின் ஷட்டில் பஸ் இறக்கிவிடும் இடமே பள்ளத்தாக்கின் அடிதான். வர்ஜின் ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. இருபுறமும் 2,000 அடிச் சுவர்கள். கடைசி நிறுத்தமான டெம்பிள் ஆஃப் சினவாவாவில் இறங்கினால் 'ரிவர்சைடு வாக்' பாதை. ஒரு மைல் தூரத்துக்கும் மொத்த ஏற்றம் 57 அடி. தளம் போட்ட பாதை. முட்டிவலிக்காரரான அப்பா அங்கங்கே உட்கார்ந்து எழுந்து முழுவதும் நடந்தார்.

அந்தப் பாதையில் ஓர் இடத்தில் நின்று கவனியுங்கள். மேலே விழுந்த மழை மணற்கல்லுக்குள் மெல்ல இறங்கி, நீரை விடாத அடுக்கில் முட்டிப் பக்கவாட்டில் கசிகிறது. பாலைவனத்துச் செம்பாறையில் பெரணி தழைத்துத் தொங்க, அதன் நுனியிலிருந்து சொட்டு நீர் கழுத்தில் விழுகிறது. சுவரில் சாய்வாக ஓடும் கோடுகள் ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணல்மேடுகளின் தடம். கிராண்ட் கேன்யனின் விளிம்பில் நாம் கால்பதித்து நிற்கும் கைபாப் சுண்ணாம்புக்கல் அடுக்கு, சயானில் இந்த மணற்கல்லுக்கு எவ்வளவோ கீழே கிடக்கிறது. ஒரே வீட்டின் கீழ்த்தளம் அது, மாடி இது.

பாதை முடிகிற இடத்தில் ஆற்றில் இறங்கலாம். நேரோஸ் என்ற குறுகலான பகுதி அங்கிருந்துதான் தொடங்குகிறது. அம்மா கணுக்கால் அளவு நீரில் நின்றார். ஆறு என்றதும் ஒரு கை அள்ளித் தலையில் தெளித்து, வாயிலும் விட்டுக்கொள்வது நம் பழக்கம். இங்கே அது கூடாது. நச்சுப் பாசி காரணமாக 2020 முதல் எச்சரிக்கைகள் வந்திருக்கின்றன. எங்கோ மேலே பெய்த மழைக்கு இங்கே திடீர் வெள்ளம் வரும் என்பதால், அன்றைய வெள்ள முன்னறிவிப்பையும் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

சயானிலும் தொல்லைகள் உண்டு. மார்ச் முதல் நவம்பர் வரை பள்ளத்தாக்குச் சாலையில் பொதுவாகச் சொந்தக் காருக்கு அனுமதி இல்லை, ஷட்டில் பஸ்தான். காலையிலேயே கார் நிறுத்துமிடம் நிரம்பிவிடும். கோடையில் வெயில் 100 டிகிரியைத் தாண்டும். சங்கிலியைப் பிடித்து ஏறும் ஏஞ்சல்ஸ் லேண்டிங்குக்கு 2022 முதல் குலுக்கல் முறையில் அனுமதி. நான் ஏறியதில்லை, ஆகவே அதற்காக சயானுக்குப் போகச் சொல்ல மாட்டேன். ஒரு மைல்கூட நடக்க முடியாதவர்களுக்கோ தென் விளிம்பே நல்லது. காரிலிருந்து சில அடி நடந்தால் போதும், முழுக் காட்சியும் கிடைத்துவிடும்.

இரண்டும் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் சயானிலிருந்து வட விளிம்புக்குப் போகலாம். தென் விளிம்புக்குப் போவதில் பாதித் தூரம்தான். குளிர்காலத்தில் அங்கே சாலை மூடியிருக்கும். 2025 ஜூலைக் காட்டுத்தீயில் அங்கிருந்த பழைய விடுதி எரிந்துபோனதால், எது திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, சாப்பாட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.