மேப்பிள் சிரப் வாங்கி ஃபட்ஜ் செய்தால் கட்டுப்படியாகுமா?

பான்கேக் மீது ஊற்றிக்கொள்ள மேப்பிள் சிரப் தேடுபவர்களுக்கு இந்த மதிப்புரை அதிகம் உதவாது. நான் அதை அடுப்பில் ஏற்றி, பாகு காய்ச்சி, அக்ரூட் போட்டு, ஃபட்ஜ் என்ற மென்மையான பாகு இனிப்பைச் செய்வதற்காகவே வாங்கினேன். பெரம்பூரில் கிறிஸ்துமஸ் பலகாரங்களுக்கு ஆர்டர் எடுப்பவள் நான். டிசம்பர் பிறந்துவிட்டால் கல்கல், ரோஸ் குக்கி, பால் ஃபட்ஜ் என்று கைக்கு ஓய்வே இருக்காது. வாடிக்கையாளர் ஒருவர் டொரொண்டோவிலிருந்து வரும் மகளுக்காக மேப்பிள் ஃபட்ஜ் கேட்டார். கண்டென்ஸ்டு மில்க்கில் நாலு சொட்டு எசென்ஸ் விட்டு ஒப்பேற்றியிருக்கலாம். கனடாவில் இருப்பவளுக்கு அதைக் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

பக்கத்தில் இருந்த ஒரு சூப்பர் மார்க்கெட்டில் 250 மில்லி கண்ணாடிப் போத்தல் 780 ரூபாய். விலையைப் பார்த்ததும் எவருக்கும் வயிறு எரியும். ஆனால் அது எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் எரிச்சல் கொஞ்சம் தணியும். மேப்பிள் மரத்தில் துளையிட்டுச் சேகரிக்கும் நீரில் சர்க்கரை ஏறக்குறைய 2 சதவீதம்தான். அதை 66 சதவீதம் ஆகும்வரை சுண்டவைக்க வேண்டும். ஒரு லிட்டர் சிரப்புக்குச் சுமார் 40 லிட்டர் மரநீர் செலவாகிறது. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் வேலையைப் போன்றதுதான்; கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது மட்டும் கிடையாது. இரவில் உறைபனியும் பகலில் இளகலும் மாறிமாறி வரும் குளிர்கால இறுதியில் சில வாரங்கள்தான் மரம் நீர் விடும். உலகத்தின் பெரும்பங்கு மேப்பிள் சிரப் கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து வருகிறது. என் போத்தலும் அங்கிருந்து வந்ததுதான்.

சரக்கைப் பற்றிக் குறையில்லை. குறையெல்லாம் ஸ்டிக்கர் மீதுதான். மேப்பிள் சிரப்பில் கோல்டன், ஆம்பர், டார்க், வெரி டார்க் என்று நான்கு நிறப் பிரிவுகள் உண்டு. எல்லாமே 'கிரேடு ஏ' என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் வரும். ஆகவே கிரேடு ஏ என்ற எழுத்தைப் பார்த்துப் பூரித்துப் போவதில் பொருளில்லை. அதற்கடுத்த சொல்தான் முக்கியம். இறக்குமதியாளர் விலையும் உரிம எண்ணும் அச்சிட்ட வெள்ளைத் தாளை, சொல்லி வைத்தாற்போல், அந்தச் சொல்லின் மீதே ஒட்டியிருந்தார். வீட்டில் வெந்நீரில் ஊறவைத்து உரித்தபோது கீழே இருந்தது ஆம்பர். தோசை மீது ஊற்றிக்கொள்ள ஆம்பர் அருமை. ஆனால் க்ரீமும் சர்க்கரையும் சேர்ந்த ஃபட்ஜில் அதன் மணம் அடங்கிப்போகிறது. சாப்பிட்டால் நல்ல பால் இனிப்பு என்று தோன்றும். மேப்பிள் என்று சொன்னால்தான் தெரியும். பிறகு டார்க் என்று தெளிவாகப் போட்ட இன்னொரு போத்தலை இணையத்தில் 890 ரூபாய்க்கு வரவழைத்தேன். ஆர்டருக்கு அதில்தான் செய்தேன்.

டார்க் வாங்கச் சொல்வதற்கு மணம் மட்டும் காரணம் அல்ல. பருவத்தின் கடைசியில் வெயில் ஏற ஏற, மரநீரில் நுண்ணுயிர்கள் பெருகிச் சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்துவிடுகின்றன. அவை காய்ச்சும்போது கறுக்கும், சுவையும் கூடும். பாகு காய்ச்சுகிற எனக்கு இதில் இன்னொரு லாபம்: அந்த உடைந்த சர்க்கரை, பாகு மணல்மணலாகப் பூத்துப்போவதைத் தடுக்கிறது. பால் ஃபட்ஜுக்கு நான் ஒரு கரண்டி லிக்விட் குளுக்கோஸ் சேர்ப்பது வழக்கம். டார்க் சிரப்பில் அதற்குத் தேவையே ஏற்படவில்லை.

போலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'பான்கேக் சிரப்' என்ற பெயரில் இதில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைப்பது மேப்பிள் அல்ல. சோளப் பாகும் நிறமும் வாசனையும் சேர்ந்த கலவை. சேர்மானப் பட்டியலில் மேப்பிள் சிரப் என்ற ஒரே பெயர்தான் இருக்க வேண்டும். கெட்டியாக இருப்பதுதான் அசல் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இங்கே நேர்மாறு: அசல் சிரப் தேனைவிட நீர்த்து ஓடும். போலிக்கு மணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பல நேரங்களில் நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயத்திலிருந்து. மேப்பிளை நினைவூட்டும் மணம் தரும் சோட்டோலான் என்ற பொருள் வெந்தயத்தில் உண்டு. நியூயார்க் நகரத்தில் 2005 முதல் அவ்வப்போது தெருவெல்லாம் மேப்பிள் வாசனை அடிக்க, மக்கள் பயந்து புகார் செய்தார்கள். பக்கத்து நியூ ஜெர்சியில் வெந்தயம் பதப்படுத்தும் ஓர் ஆலையிலிருந்து அது வருகிறது என்று 2009 இல் மேயர் புளூம்பெர்க் அறிவித்தார். வெந்தயக் குழம்பு வைக்கும் தெருவில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயம் புரியாது.

இனி செய்முறை. ஒரு போத்தல் சிரப், 400 கிராம் சர்க்கரை, 125 மில்லி க்ரீம், 30 கிராம் வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, 100 கிராம் அக்ரூட். சர்க்கரையே இல்லாமல் முழுக்கச் சிரப்பில் செய்வதும் உண்டு. அதற்கு இரண்டு போத்தல் வேண்டும், மனம் வரவில்லை. நம் கடைகளில் கிடைக்கும் அமுல் ஃப்ரெஷ் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம். அமெரிக்கக் குறிப்புகளில் வரும் க்ரீமில் 36க்குக் குறையாது. வெண்ணெய் அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. கண்டென்ஸ்டு மில்க் வேண்டாம். அதன் காய்ந்த பால் வாசனை 890 ரூபாயை விழுங்கிவிடும்.

வெண்ணெயையும் அக்ரூட்டையும் தவிர மற்றவற்றை அடிகனமான ஆழமான பாத்திரத்தில் சேர்த்துச் சிறு தீயில் வைக்க வேண்டும். ஆழமான என்று சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். க்ரீமும் சிரப்பும் கொதிக்கும்போது நுரை பொங்கி அடுப்பைக் குளிப்பாட்டிவிடும். சர்க்கரை கரையும்வரை கிளறலாம். கொதி வந்ததும் கரண்டியை வெளியே எடுத்துவிட்டு, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய சர்க்கரையை ஈரத்துணியால் வழித்துவிட வேண்டும். ஒரு கல் உள்ளே விழுந்தாலும் மொத்தப் பாகும் மணல்மணலாகிவிடும். 114 டிகிரி செல்சியஸில் இறக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்ட நாளில் 115 வரை விடுவேன்; காற்றிலுள்ள ஈரத்தைச் சர்க்கரை இழுத்துக்கொண்டு ஃபட்ஜைத் தளர்த்திவிடும். நம் பகுதி கடல் மட்டத்தை ஒட்டியது என்பதால் வெப்பமானி சரியா என்று பார்க்கக் கொதிநீரே போதும், 100 காட்ட வேண்டும். வெப்பமானி இல்லையா, அதிரசப் பதம் தெரிந்திருந்தால் போதும். தண்ணீரில் விட்ட சொட்டு திரண்டு உருட்ட வர வேண்டும், கையில் எடுத்ததும் தளர வேண்டும்.

இறக்கியதும் வெண்ணெயை மேலே போட்டுவிட்டு, தொடாமல் விட்டுவிட வேண்டும். இதுதான் கடினமான கட்டம். சூட்டோடு கிளறினால் சர்க்கரைப் படிகங்கள் பெருத்துப் பல்லில் நறநறக்கும். 45 டிகிரிக்கு ஆறவிட்டு அடித்தால் படிகங்கள் பொடியாகி நாக்கில் கரையும். டிசம்பரிலும் என் சமையலறையில் இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பாத்திரத்தின் அடியில் உள்ளங்கையை வைத்தால் பொறுக்கும் சூடு, அதுதான் அடையாளம். பிறகு மரக்கரண்டியால் தோள் வலிக்கும்வரை அடிக்க வேண்டும். பளபளப்பு மங்கத் தொடங்கியதும் அக்ரூட்டைக் கொட்டி, நெய் தடவிய தட்டில் உடனே பரப்ப வேண்டும். அந்த நேரத்தில் வாசலில் யார் மணி அடித்தாலும் அடிக்கட்டும். அரை நிமிடம் தாமதித்தால் பாத்திரத்திலேயே இறுகிப்போகும்.

அக்ரூட்டைச் சௌகார்பேட்டை கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் வாங்குகிறேன். பாக்கெட்டில் வாங்குவதில்லை. ஒன்றைக் கடித்துப் பார்க்க விடாத கடையில் வாங்கவும் கூடாது. அக்ரூட்டின் எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். ஒரு காறல் பருப்பு ஒரு தட்டைக் கெடுத்துவிடும். சிறு தீயில் வறுத்து, துணியில் தேய்த்து, தோலில் பாதியை மட்டும் நீக்கினேன். மிச்சத் தோலின் கசப்பு இந்தத் தித்திப்புக்குத் தேவை. முந்திரிக்கு அந்தக் கசப்பு இல்லை. வேர்க்கடலை போட்டால் கடலை மிட்டாய்தான் மணக்கும். அமெரிக்கக் குறிப்புகளில் வரும் பீக்கன் பருப்பு கிடைத்தாலும் அதன் விலைக்கு நான் வரமாட்டேன்.

எனக்குப் பால் ஃபட்ஜ் கற்றுக்கொடுத்த எதிர்வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டியிடம் ஒரு துண்டு கொடுத்தேன். ரெயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், முகத்துக்கு நேரே பேசுவார். "என்னம்மா, லேசாகப் புகை வாசனை வருகிறதே, அடிபிடிக்க விட்டுவிட்டாயா?" என்றார். அது டார்க் சிரப்பின் குணம் என்றேன். "நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குக் கிறிஸ்துமஸுக்குப் பால் ஃபட்ஜே அனுப்பிவிடு" என்று முடித்துக்கொண்டார். டொரொண்டோ மகளோ இரண்டு பெட்டி கேட்டு ஆள் அனுப்பினாள்.

கணக்குக்கு வருகிறேன். சிரப் 890, அக்ரூட் 130, சர்க்கரை, க்ரீம், வெண்ணெய் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 110. மொத்தம் 1,130 ரூபாய்க்கு 800 கிராம் சொச்சம் கிடைக்கிறது. என் உழைப்பையும் எரிவாயுவையும் சேர்த்தால் கிலோ 2,000 ரூபாய்க்குக் குறைத்து விற்க முடியாது. பால் ஃபட்ஜை 700க்கு வாங்கிப் பழகிய எங்கள் தெருவில் அந்த விலையைச் சொன்னால் நலம் விசாரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே இதை ஆர்டர் பட்டியலில் சேர்க்கவில்லை. கேட்பவர்களுக்கு மட்டும், முன்பணம் வாங்கிக்கொண்டு செய்கிறேன். வீட்டுக்காக ஆண்டுக்கொரு முறை செய்பவர்கள் தயங்காமல் டார்க் போத்தலை வாங்கலாம்.

திறந்த போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். பதப்பொருள் எதுவும் இல்லாததால் வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும். டார்க்குக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம். ஆம்பருக்கு, ஃபட்ஜைப் பொறுத்தவரை, இரண்டரை. கடையில் நேரில் வாங்குபவர்கள் ஸ்டிக்கரை நம்பாமல் போத்தலை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டும். கடுங்காப்பியின் நிறம் தெரிந்தால் எடுக்கலாம், இளந்தேனின் நிறம் என்றால் அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடலாம்.