திருப்பூரில் மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ்: மூன்று மாதம் போனதில் கிடைத்தது

பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், துணி வாங்கும் பையர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் வேலை. போன வருடம் இங்கிலாந்து பையருக்குப் போட்ட மெயிலில், பக்கத்து சீட் அக்காவை ‘மை பார்ட்னர்’ என்று எழுதிவிட்டேன். கூட வேலை பார்ப்பவர் என்ற நினைப்பில்தான் எழுதினேன். அவர்களோ அக்காவைக் கம்பெனியின் பங்குதாரர் என்று எடுத்துக்கொண்டு, ஒரு பீஸுக்கு விலையில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று நேராக அவரிடமே கேட்டுவிட்டார்கள். திட்டு வாங்கியது அக்கா. அது மனதை அறுத்துக்கொண்டே இருந்ததால்தான் இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் மாதம் எல்லா இடத்திலும் சொல்லித்தரும் அதே டென்ஸ் பாடம்தான், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாவது மாதம் சார் ஒரு மாலை முழுக்க ‘நண்பன்’ என்று நாம் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கும் சொற்களைப் பிரித்துப் போட்டார். அதற்கே கட்டிய காசு தகும் என்பேன்.

கோ-வொர்க்கர் என்றால் ஒரே இடத்தில் வேலை செய்பவர், கட்டிங் மாஸ்டர் முதல் பேக்கிங் வரை யாராகவும் இருக்கலாம். கலீக் என்பதில் தொழில் சார்ந்த ஒரு மரியாதை உண்டு, வேறு மருத்துவமனை டாக்டரைக்கூட இன்னொரு டாக்டர் கலீக் என்பார். பழைய ரோமில் வருடத்துக்கு இரண்டு கான்சல்கள், அதாவது ஆட்சித் தலைவர்கள், சேர்ந்து பதவியில் இருப்பார்களாம், ஒருவருக்கு ஒருவர் ‘கொலேகா’, அதிலிருந்து வந்த சொல். பார்ட்னர் என்றால் தொழிலில் பங்குதாரர், இல்லாவிட்டால் இன்று இங்கிலாந்தில் பெரும்பாலும் சேர்ந்து வாழும் துணை. நான் எழுதியது எவ்வளவு தப்பு என்று அன்றைக்குத்தான் முழுதாக உறைத்தது.

கம்பேனியன் பற்றிச் சொன்னது இன்னும் நெஞ்சில் நிற்கிறது. ரொட்டிக்கு லத்தீனில் ‘பானிஸ்’, கூடச் சேர்ந்து ரொட்டி சாப்பிடுபவன்தான் கம்பேனியன். நாம் தினமும் சொல்லும் ‘கம்பெனி’யும் அதே வேர்தான். இலங்கைத் தமிழர்கள் ரொட்டியைப் பாண் என்கிறார்களே, அதுவும் போர்த்துகீசியர் வழியாக வந்த அதே பானிஸ்! ஆனால் ஆபீஸில் கூட இருப்பவரை அப்படிச் சொல்லக்கூடாது. பயணத்தில் கூட வருபவர், வயதானவருக்குத் துணையாக இருப்பவர், வீட்டு நாய்கூட கம்பேனியன்தான்.

அப்புறம் அக்வெயின்டன்ஸ். ‘அவர் எனக்குப் பழக்கம்’ என்று நாம் சொல்வோமே, அந்தப் பழக்கம்தான், அதற்கு மேல் நெருக்கம் இல்லை. இதையெல்லாம் தமிழ் வழியாகவே விளக்கியது சாருடைய பெரிய பலம். செய்தியில் ‘ரவுடியும் அவரது கூட்டாளிகளும்’ என்று வருவது அக்கம்ப்ளிஸ், குற்றத்துக்கு உடந்தையானவர், அதே கூட்டாளி யாழ்ப்பாணத்தில் ஃப்ரெண்ட் என்றார். சகலையை ‘கோ-பிரதர்’ என்றால் வெள்ளைக்காரருக்குப் புரியாது, பிரதர்-இன்-லா என்றே சொல்லிவிடுங்கள் என்பதும் அன்றைக்குக் கேட்டதுதான்.

குறைகள் உண்டு. ஒரு பேட்சில் 28 பேர், ஒன்றரை மணி நேரத்தில் நம் வாயைத் திறக்க மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம், ஸ்போக்கன் என்று பேர் வைத்துவிட்டு இது நியாயமே இல்லை. கொடுக்கும் நோட்ஸில் ஃப்ரெண்ட், கம்பேனியன், காம்ரேட் எல்லாவற்றுக்கும் எதிரே ‘நண்பன்’ என்றே அச்சடித்திருக்கிறார்கள், சார் கஷ்டப்பட்டுப் பிரித்ததை நோட்ஸ் மறுபடி கலக்கிவிடுகிறது. காம்ரேடுக்குத் தோழர் என்ற சொல் நம் தெருவிலேயே புழங்குகிறதே, அதைப் போட என்ன தயக்கம்? பாதியில் நின்றால் பணமும் திரும்பக் கிடைக்காது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். சேருவதாக இருந்தால் இந்த சார் எடுக்கும் மாலை ஏழரை மணி பேட்ச்தானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள், காலை பேட்சை வேறொருவர் எடுக்கிறார்.