தொலைக்காட்சியில் விற்கும் கத்திகள் டெல்டா சமையலுக்கு உதவுமா?

பிற்பகலில் தமிழ் அலைவரிசைகளைத் திருப்பிக்கொண்டே வந்தால் அந்த விளம்பரம் எங்காவது ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கத்தி இரும்புக் குழாயை அறுக்கிறது, செருப்பின் அடியை அறுக்கிறது, உடனே பழுத்த தக்காளியை மெல்லிய வில்லைகளாகச் சீவுகிறது. கும்பகோணத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு அத்தகைய தொகுப்பு ஒன்றைத் தொலைபேசியில் சொல்லி வரவழைத்து, அன்றாடச் சமையலில் பழகிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். நம் பகுதிச் சமையலுக்கு அது வாங்கத் தக்கதன்று.

விளம்பரத்தில் கண்கட்டு வித்தை ஏதுமில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 1978இல் கின்சு என்ற கத்தியை விற்றவர்களும் தகர டப்பாவை அறுத்துவிட்டுத் தக்காளியை நறுக்கித்தான் காட்டினார்கள். ஜப்பானியப் பெயர் போல ஒலித்தாலும் அது ஒஹையோ மாநிலத்தில் செய்யப்பட்ட கத்தி. இவையெல்லாம் விளிம்பில் பல் வைத்த கத்திகள். அத்தகைய கத்தி கடினமான பொருளின் மேல் ஓடும்போது பற்களின் நுனிதான் பெரும்பாலும் தேய்கிறது. பற்களுக்கு இடைப்பட்ட பள்ளங்களின் கூர்மை தப்பிவிடுகிறது. ஆகவே தகரத்தை அறுத்த பின்னும் தக்காளித் தோல் அதற்கு எளிதாகவே இருக்கும். கருக்கரிவாளால் கதிர் அறுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொத்தாகப் பிடித்த நெல் தாளைப் பல் வழுக்காமல் கவ்வி அறுக்கிறது, ஆனால் அந்த அரிவாளைக் கொண்டு யாரும் வெங்காயம் அரிவதில்லை.

நம் அடுப்படியில் கத்திக்கு உண்மையான சோதனை வாழைத்தண்டுதான். தண்டை வில்லை வில்லையாக அரிந்து, ஒவ்வொரு வில்லைக்கும் இடையில் இழுபடும் நாரை விரலில் சுற்றி எடுத்து, பின் வில்லைகளை அடுக்கிப் பொடியாக நறுக்கி மோர் கலந்த நீரில் போடுகிறோம். பல் வைத்த கத்தியை இதில் இறக்கியதும் நார் பற்களுக்கு இடையில் சிக்கிக்கொண்டது. கத்தியை முன்னும் பின்னும் இழுக்க இழுக்க நார் திரிந்து அலகோடு வந்ததே தவிர, விரலுக்கு அகப்படவில்லை. அரிந்த முகம் வழவழப்பாக இல்லாமல் பிசிறடித்திருந்தது. காய் அரிபடாமல் கிழிபடும்போது சாறு கூடுதலாக வெளியேறும், சீக்கிரம் கறுக்கவும் செய்யும். பொரியலுக்குப் போட்ட பீன்ஸிலும் இதே பிசிறைக் கண்டேன். அதே தண்டை வீட்டுப் பழைய அரிவாள்மனையில் அரிந்தபோது வில்லைகள் சுத்தமாக விழுந்தன, நாரும் வழக்கம்போல விரலில் சுற்றிக்கொண்டு வந்தது.

சேனைக்கிழங்கில் வேறு குறை தெரிந்தது. அலகு மெல்லிய தகடாக இருப்பதால் பாதி ஆழம் போனதும் வளைந்து கோணலாக இறங்குகிறது. கையை அழுத்திப் பிடிக்க வேண்டியிருப்பதால் அது ஆபத்தும்கூட. ரொட்டிக்கும் நன்கு பழுத்த தக்காளிக்கும் அது சிறப்பாக உழைக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் நம்மில் எத்தனை வீடுகளில் முழு ரொட்டி வாங்கி வில்லை போடுகிறார்கள்?

அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்யும் எஃகு என்று விளம்பரத்தில் அழுத்திச் சொல்கிறார்கள். எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருந்தால் துரு எளிதில் பிடிக்காது, அவ்வளவுதான். கூர் நிற்பது எஃகில் உள்ள கரியின் (கார்பன்) அளவையும் எஃகைக் காய்ச்சிக் குளிரவைத்துப் பதப்படுத்திய விதத்தையும் பொறுத்தது. அவை இரண்டையும் பற்றி அட்டைப்பெட்டியிலும் ஒரு வரி இல்லை. நாளடைவில் பல்லின் நுனிகள் மழுங்கியபோது, தெருவில் வரும் சாணை பிடிப்பவரிடம் கொண்டுபோனேன். கத்தியைத் திருப்பிப் பார்த்தவர், "சாணையில வெச்சா பல்லு பூரா போயிடும்மா, வேணாம்" என்று கையிலேயே கொடுத்துவிட்டார். என்றைக்குமே சாணை தேவைப்படாது என்று விற்கப்படும் பொருளுக்கு, உள்ளூரில் சாணை பிடிக்கவே வழியில்லை என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது.

தொகுப்புக்குக் கொடுத்த ஆயிரம் ரூபாயை ஒட்டிய தொகையில் பாதிகூட இல்லாமல், பாத்திரக்கடையில் பல் இல்லாத நேர்விளிம்புக் கத்தி ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்தே வாங்கலாம். அலகின் எஃகு கைப்பிடியின் கடைசி வரை ஓடுகிறதா, ஆணிகள் அசையாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். கொல்லுப்பட்டறை இரும்புக் கத்தி இன்னும் நன்றாகக் கூர் பிடிக்கும். ஆனால் வாழைப்பூவின் துவர்ப்பு பட்டால் இரும்பு கறுக்கும் என்பதால், அரிந்த கையோடு கழுவித் துடைத்து இரண்டு சொட்டு தேங்காயெண்ணெய் தடவி வைக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு எவர்சில்வர் கத்தியே போதும். ஏற்கெனவே தொலைக்காட்சித் தொகுப்பை வாங்கிவிட்டவர்கள் பெரிய கத்தியை ரொட்டிக்கு ஒதுக்கிவிடலாம். அதனுடன் வந்த தோல் சீவி மட்டும் சுரைக்காய்க்கும் பீர்க்கங்காய்க்கும் எங்கள் வீட்டில் இன்றும் நன்றாக உழைத்துக்கொண்டிருக்கிறது.