யூரெயில் பாஸ் இருந்தால் சீட் இருக்கிறது என்று நம்பாதீர்கள்: ஏஜென்டிடம் ஏமாந்த அனுபவம்

ஐரோப்பாவை ரயிலில் சுற்றிப் பார்க்க யாராவது இப்போது ஏஜென்டிடம் பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், முதலில் இதைப் படித்துவிடுங்கள். நானும் என் மனைவியும் பாரிஸ், மிலான், வெனிஸ், ஃபிளாரன்ஸ், ரோம் என்று பதினோரு நாள் போய்விட்டு வந்தோம். திருமணமாகி 25 வருடம் ஆனதற்காக, இரண்டு வருடம் சீட்டு கட்டிச் சேர்த்த பணம்.

ஏஜென்ட் எங்களுக்கு ஒரு மாதத்துக்குள் ஏழு நாள், பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் பயணம் செய்யக்கூடிய யூரெயில் பாஸ் வாங்கிக் கொடுத்தார். அது அசல் பாஸ்தான், அதில் ஏமாற்று இல்லை. ஆனால் பில்லில் தனியாக ஒரு வரி இருந்தது: சீட் ரிசர்வேஷன், இரண்டு பேருக்கு, 18,000 ரூபாய். நான் இரண்டு தடவை போன் செய்து கேட்டேன். "சார், எல்லாம் கன்ஃபர்ம், பாஸைக் காட்டி ஏறி உட்கார வேண்டியதுதான்" என்றார். ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு பக்கம் வீதம் அழகாகப் பிரின்ட் எடுத்து, கோப்பு போட்டுக் கொடுத்தார்கள். ரயில் எண், புறப்படும் நேரம், எங்கள் பெயர், கீழே கன்ஃபர்ம்டு என்று பச்சை எழுத்து. அதைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்?

பாரிஸில் மூன்று நாள் நன்றாகவே போனது. நான்காம் நாள் காலை கார் தெ லியோன் நிலையத்தில் மிலான் போகிற டிஜிவி, அதாவது பிரான்சின் அதிவேக ரயில். அங்கே நம்மூர் மாதிரி நேராகப் பெட்டிக்குப் போக முடியாது. பிளாட்பாரத்துக்கு முன்னால் கேட் இருக்கிறது, டிக்கெட்டை ஸ்கேன் செய்தால்தான் திறக்கும். பாஸைக் காட்டினேன், சிவப்பு விளக்கு. கோப்பிலிருந்த தாளை நீட்டினேன். அந்த ஊழியர் பொறுமையாகவே பார்த்தார். தாளை முன்னும் பின்னும் திருப்பி, பேனாவால் ஓர் இடத்தைத் தட்டி, கோச் எண் எங்கே, சீட் எண் எங்கே என்று கேட்டார். இல்லை. முழுத் தாளிலும் இல்லை. அது ரிசர்வேஷனே அல்ல, கால அட்டவணையிலிருந்து எடுத்து எங்கள் பெயரை மேலே ஒட்டிய பிரின்ட் அவுட்.

கவுன்டருக்கு ஓடினோம். பாஸ் வைத்திருப்பவர்களுக்கு டிஜிவி ரயில்களில் இத்தனை இடம் என்று அளவு வைத்திருக்கிறார்கள், அன்றைக்கு அது எப்போதோ தீர்ந்துவிட்டது. முழுக் கட்டணத்தில் வேண்டுமானால் ஆளுக்கு 150 யூரோவுக்கு மேல், அதுவும் சாயங்கால ரயிலில். ஏஜென்டுக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. சென்னையில் அப்போது பட்டப்பகல்.

எனக்கு அதைவிட வலித்தது வேறு. என் மனைவி ஓவிய ஆசிரியை. மிலானில் லியனார்டோ டா வின்சி சுவரில் வரைந்த கடைசி இராவுணவு ஓவியத்தைப் பார்க்க, பல வாரங்களுக்கு முன்பே அவளே உட்கார்ந்து டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். அங்கே 15 நிமிடம்தான் அனுமதி, குறித்த நேரத்தைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். எங்களுக்கு மறுநாள் காலை. சாயங்கால ரயிலில் போயிருந்தால் பார்த்திருக்கலாம், ஆனால் முதல் நகரத்திலேயே 300 யூரோவுக்கு மேல் கொடுத்தால் மிச்ச நாளுக்கு என்ன செய்வது? "ஏங்க, விடுங்க, இன்னொரு தடவை வரலாம்" என்றாள். வர மாட்டோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

விசாரணை மேசையில் இருந்த ஒரு பெண்தான் வழி காட்டினார். டிஜிவியை விடுங்கள், ரிசர்வேஷன் தேவையில்லாத வட்டார ரயிலில் போங்கள் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். மெட்ரோவில் பாஸ்டீய் போய் மாறி, பெட்டிகளோடு படி ஏறி இறங்கி, கார் தெ லெஸ்ட் என்ற இன்னொரு ரயில் நிலையம். அங்கிருந்து முலூஸ், அப்புறம் எல்லை தாண்டி சுவிட்சர்லாந்தின் பாசெல். அன்று இரவு அங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டது, சுவிஸ் ஹோட்டல் வாடகை என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மிலானில் முன்பணம் கட்டிய அறை அன்று காலியாகக் கிடந்தது. மறுநாள் லூசெர்ன், 57 கிலோமீட்டர் நீள கோட்ஹார்ட் சுரங்கம், லுகானோ, கியாசோ, பிறகு உள்ளூர் ரயிலுக்குத் தனி டிக்கெட் எடுத்து மிலான். போய்ச் சேர்ந்தபோது அவளுடைய டிக்கெட்டின் நேரம் முடிந்து வெகு நேரமாகிவிட்டது.

இத்தாலியிலும் இதே கதைதான். மிலான்–வெனிஸ், வெனிஸ்–ஃபிளாரன்ஸ், ஃபிளாரன்ஸ்–ரோம் மூன்று வேக ரயிலுக்கும் கோப்பில் இருந்தது வெறும் தாள். ஒவ்வொன்றுக்கும் நாங்களே ஆளுக்கு 13 யூரோ கொடுத்து ரிசர்வ் செய்தோம்.

ஏமாற்று ரயிலோடு நிற்கவில்லை. "வெனிஸ் ஹோட்டல்" என்று கொடுத்தது மெஸ்த்ரே. வெனிஸ் தீவுக்கு வெளியே, பாலத்துக்கு இந்தப் பக்கம், நிலப்பகுதியில் இருக்கிற ஊர். பத்துப் பன்னிரண்டு நிமிட ரயில் பயணம்தான், வாடகையும் குறைவு, தெரிந்தே தங்கினால் நல்ல இடம். தீவுக்குள் தங்குகிற விலையை வாங்கிக்கொண்டு அங்கே தள்ளியதுதான் தப்பு. அந்தச் சின்ன தூரத்துக்குத் தாள் டிக்கெட் எடுத்தால், ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் இருக்கும் சின்னப் பெட்டியில் செருகி முத்திரை குத்திக்கொள்ளுங்கள். குத்தாவிட்டால் டிக்கெட் இருந்தும் அபராதம். எங்கள் எதிரே உட்கார்ந்திருந்த ஜோடி அப்படி மாட்டியதைப் பார்த்தோம்.

எங்கே ரிசர்வேஷன் கட்டாயம் என்பது மறைத்து வைத்த ரகசியம் இல்லை. பிரான்சின் டிஜிவி, இத்தாலி, ஸ்பெயினின் வேக ரயில்கள், யூரோஸ்டார், இரவு ரயில்கள், இவற்றுக்குப் பாஸோடு தனிப் பணம் கட்டி சீட் எடுத்தே ஆக வேண்டும். சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனிக்குள்ளும் பெரும்பாலும் பாஸை மட்டும் காட்டி ஏறலாம். யூரெயில் ஆப்பிலேயே ஒவ்வொரு ரயிலுக்கும் சீட் தேவையா என்று போட்டிருக்கிறது. ஆனால் ஆப்பில் பயணத்தைச் சேர்த்துவிட்டால் சீட் கிடைத்துவிட்டதாக ஆகாது, இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். உண்மையான ரிசர்வேஷன் தாளில் கோச் எண்ணும் சீட் எண்ணும் கட்டாயம் இருக்கும்: பிரெஞ்சில் வொத்யூர், பிளாஸ், இத்தாலியனில் கரோட்ஸா, போஸ்தோ. இந்த இரண்டு எண்ணும் இல்லாத தாளை ஏஜென்ட் நீட்டினால், மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஊர் திரும்பியதும் நேரில் போய்க் கேட்டேன். "அங்கே ரூல் மாறிடுச்சு சார்" என்றார். எந்த ரூலும் மாறவில்லை. பில்லையும் வாட்ஸ்அப் செய்திகளையும் போலித் தாள்களையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். அதன் பிறகு அவரே கூப்பிட்டு 9,000 தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்கிறார். முழு 18,000, மிலான் அறை வாடகை, பாசெல் செலவு மூன்றும் வராமல் வாபஸ் வாங்க மாட்டேன் என்று எழுத்தில் பதில் அனுப்பியிருக்கிறேன்.