பறவைக்கு அமெரிக்க நிதி வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வந்தால்

ஆந்திர எல்லையோரத் தடா, சூளூர்ப்பேட்டை வட்டாரத்தில் ஏரி, குளம், பறவை என்று அலைகிற சின்னச் சங்கங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களிடமிருந்து போனது 83,000 ரூபாய்.

நாங்கள் பதினோரு பேர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. பாதிப் பேர் மீன்பிடிக் குடும்பம், நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு ஒரே ஒரு பைனாகுலரை மாற்றி மாற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டு போவோம். பழவேற்காடு ஏரியின் பெரும்பங்கு ஆந்திரத்தில்தான் கிடக்கிறது. பூநாரை பார்க்க வருகிற கூட்டமெல்லாம் அந்த ஏரிக்கே போய்விடும். எங்கள் ஊர்ச் சின்ன ஏரியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் நேலப்பட்டு சரணாலயத்தில் கூடு கட்டுகிற கூழைக்கடாக்கள் இரை தேடி இங்கேதான் வருகின்றன, வாத்துகளும் வந்து இறங்கும். கரை முழுக்க சீமைக்கருவேலம், மதகு ஒழுகுகிறது. முள்ளை எடுத்து மதகைச் சரிசெய்தால் பங்குனி வரை தண்ணீர் நிற்கும். மேஸ்திரி போட்ட கணக்கு நாலு லட்சம்.

இந்த நாலு லட்சம் எப்படியோ ஒருவர் காதுக்குப் போய்விட்டது. ‘ப்ராஜெக்ட் கன்சல்டன்ட்’ என்று கார்டு நீட்டினார். கடையிலேயே லேப்டாப்பைத் திறந்து, "அண்ணா, வலசைப் பறவை வருகிற ஈரநிலத்துக்கு அமெரிக்க அரசாங்கமே பணம் தருது" என்று ஒரு பக்கத்தைக் காட்டினார். வட அமெரிக்க ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம், 1989. அன்று ராத்திரி அக்கா மகள் தேடிப் பார்த்துவிட்டு, "மாமா, இது நிஜமான அரசாங்க சைட்தான்" என்றாள். அப்படி ஒரு திட்டம் இருக்கிறதா என்று பார்த்த நாங்கள், அது யாருக்கு என்று பார்க்கவில்லை. அந்தச் சட்டத்தின் நிதி அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்று நாட்டு ஈரநிலங்களுக்கு மட்டும்தான். ‘வட அமெரிக்க’ என்று நெற்றியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. பதினோரு பேரும் அதைப் படித்தோம்.

முதலில் 18,000. அமெரிக்க அரசின் இணையதளத்தில் சங்கத்தைப் பதிவு செய்யவும், இங்கே நிதி ஆயோக்கின் ‘தர்ப்பண்’ தளத்தில் பதிவு செய்யவும் என்றார். இரண்டுக்குமே கட்டணம் கிடையாது.

அடுத்தது 25,000. வெளிநாட்டுப் பணம் வாங்க எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான பதிவு வேண்டும், உங்களிடம் இல்லை, அதனால் எனக்குத் தெரிந்த டிரஸ்ட்டின் கணக்கில் பணத்தை இறக்கி உங்களுக்கு மாற்றித் தருகிறேன் என்றார். நம்ப முக்கியக் காரணம் அவர் சொன்னதில் பாதி சரியாக இருந்ததுதான். எஃப்சிஆர்ஏ வேண்டும் என்பது உண்மை. பதிவு கேட்க சங்கத்துக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவழித்துக் காட்ட வேண்டும் என்பதும் விதி. எங்கள் சங்கத்துக்கு ஒன்றரை வயது, செலவுக் கணக்கு ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை. ஆனால் ஒரு டிரஸ்ட் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதை அதே சட்டத்தின் 2020 திருத்தம் அடியோடு தடை செய்துவிட்டது. அந்த ஆள் சொன்னபடி பணம் வந்திருந்தால் நாங்களும் கேஸில் மாட்டியிருப்போம்.

மூன்றாவது, ‘மேட்சிங் ஃபண்ட்’. அமெரிக்கத் திட்டத்தில் கேட்கிற தொகைக்குச் சமமாக விண்ணப்பிப்பவர் தரப்பிலிருந்தும் பங்கு காட்ட வேண்டும் என்பது நிஜமான நிபந்தனை. ஆனால் அது அந்த வேலைக்கே போய்ச் சேர வேண்டிய பங்கு, எவர் கையிலும் கொண்டுபோய்க் கட்டுகிற டெபாசிட் இல்லை. ஒன்றரை லட்சம் கேட்டார், 40,000 கொடுத்தோம். அதில் பத்தாயிரம் எங்கள் பொருளாளர் வீட்டம்மா சீட்டெடுத்த பணம். இன்றைக்கும் அவர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பதிலுக்கு ஸ்பைரல் பைண்டிங் போட்ட விண்ணப்ப நகல் ஒன்று வந்தது. கனமான காகிதம், கலர் அட்டை. அட்டையில் எங்கள் சங்கத்தின் பெயரில் ஓர் எழுத்து தப்பு. அக்கா மகள் புரட்டிக்கொண்டே வந்தாள். பதினாலாம் பக்கத்தில் நிறுத்தி, "மாமா, நம்ம ஏரி எந்த மாசம் உறையும்?" என்று கேட்டாள். ஏரி பனியாக உறைகிற மாதங்களில் வாத்துகள் தெற்கே போய்விடும், பனி உருகியதும் திரும்பி வந்து குஞ்சு பொரிக்கும் என்று போட்டிருந்தது. எங்கள் பக்கம் மார்கழியில் போர்வை தேடினாலே பெரிய விஷயம். எவரோ எந்த நாட்டுக்கோ எழுதியதில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்.

போன் போட்டால் எடுக்கவில்லை. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்தோம். புகார் பதிவானது, ஆனால் கடைசிப் பணம் போயே இரண்டு மாதம் ஆகிவிட்டதால் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை. சந்தேகம் வந்த அன்றைக்கே கூப்பிட்டுவிடுங்கள். போலீசில் இன்னொரு கூத்து. இங்கே போனால் அவர் ஆபீஸ் தமிழ்நாட்டில் இருக்கிறது என்றார்கள், அங்கே போனால் பணம் கைமாறியது ஆந்திரத்தில் என்றார்கள். எல்லை எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம், அந்த அரை மணி நேரத்தை நான்கு முறை போய் வந்தேன். அப்புறம் ஒரு வக்கீல் சொன்னார், 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கியே ஆக வேண்டும், ஜீரோ எஃப்ஐஆர் என்று கேளுங்கள் என்று. கேட்டோம், வாங்கிக்கொண்டார்கள்.

மத்திய அரசின் நிதி கிடைக்குமா என்றும் விசாரித்தோம். நீர்ச்சூழல் பாதுகாப்புக்கான தேசியத் திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு போடுகிறார்கள், ஆனால் திட்ட அறிக்கை மாநில அரசிடமிருந்து போக வேண்டும். ஆகவே அதையும் நேரடியாக வாங்கித் தருகிறேன் என்று எவராவது வந்தால் உட்கார நாற்காலி போடாதீர்கள்.

போன வாரம் அந்த ஆளின் வாட்ஸ்அப் படம் மாறியிருந்தது. பழவேற்காட்டுப் பக்கம் மணலில் ஒரு பங்குனி ஆமை, அதற்குக் கீழே ‘ஆமைப் பாதுகாப்புக்கு வெளிநாட்டு நிதி, அணுகவும்’.